செத்தும் கொடுக்க முடியுமா? கேசட் காலத்துப் பாடகரின் பாட்டுக்கு வாரிசுகள் என்ன கேட்கலாம்

தெப்பக்குளத்தான் (கேள்வி)

வணக்கம். ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன், பெயர் வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமியப் பாடகர். 1991 முதல் 2004 வரை 6 கேசட், மொத்தம் 46 பாட்டு. 31 பாட்டுக்கு மெட்டு அவருடையது. அந்த 31-ல் 12-க்கு வரிகளும் அவரே எழுதியது. மீதி 15-ல் குரல் மட்டும். 2017-ல் இறந்துவிட்டார். உயில் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள்.

திருவிழா மேடைகளில் அவர் பாட்டு இன்னமும் ஒலிக்கிறது. யூடியூபில் ஓடுகிறது. வீட்டுக்கு ஒரு பைசா வந்ததில்லை. மைக்கேல் ஜாக்சன் செத்து இத்தனை வருடம் ஆகியும் கோடி கோடியாய் வருகிறது என்று படிக்கிறோம். இவருக்கு மட்டும் ஏன் இல்லை?

தெளிவாகத் தெரிய வேண்டியவை: (1) சட்டப்படி குடும்பத்துக்கு எது சொந்தம்? (2) இரண்டு கேசட் கம்பெனிகளில் ஒன்று மூடியாகிவிட்டது. கையில் இருப்பது சில வவுச்சரும் ஒரு ஒப்பந்தத் தாளும்தான். (3) மகன் ஏற்றிய வீடியோவுக்கு யாரோ உரிமை கோரியிருக்கிறார்கள். (4) வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய டேப் இருக்கிறது.

---

பத்திர எழுத்தர்

முதலில் "பாட்டு" என்ற ஒரே சொல்லை மூன்றாக உடைக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பாதிப் பேர் தப்பான வாசலில் போய் நிற்கிறார்கள்.

மெட்டும் வரியும் ஒரு சொத்து. மெட்டுப் போட்டவரும் எழுதியவரும் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு அதற்கு ஆயுள். இவர் 2017-ல் போனதால் 2077 டிசம்பர் 31 வரை.

ஒலிப்பதிவு இரண்டாவது சொத்து. பதிவுச் செலவைப் போட்டு நடத்திய தயாரிப்பாளருடையது, அதாவது கேசட் கம்பெனியுடையது. வெளியான வருடத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1991 கேசட் என்றால் 2051 முடிய.

மூன்றாவது, பாடிய குரலின் உரிமை. பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு. ஆனால் பாடகருக்கு உரிமை என்பது நம் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்ததே 1994 திருத்தத்தில்தான், அமலானது 1995 மே 10. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி என்ற பேச்சு 2012 திருத்தத்தில்தான் வந்தது. எனவே 1991-ல் பாடிய பாட்டுக்குக் குரலின் பெயரால் கேட்பது பலவீனமான வழக்கு. 1996-ல் பாடியதற்கு 2046 வரை கேட்க இடமுண்டு.

ஆகவே அந்த 31 மெட்டுதான் குடும்பத்தின் நஞ்சை. குரல் மட்டும் கொடுத்த 15 பாட்டு வானம் பார்த்த பூமி.

இவருக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. சினிமாப் பாட்டு என்றால், இசையமைப்பாளருக்கு மேலே தயாரிப்பாளர் முதல் உரிமையாளராக வந்து உட்காருவார் என்ற பழைய சிக்கல் இருக்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 வரை அதை வைத்தே காலம் ஓட்டினார்கள். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின் அந்த விதிவிலக்கு திரைப்படத்துக்குத்தான். வெறும் ஒலி கேசட்டை அது சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்தவராக இல்லாவிட்டால், கிராமியக் கேசட்டுக்கு மெட்டுப் போட்டவரே அந்த மெட்டின் முதல் உரிமையாளர். எழுத்தில் மாற்றிக் கொடுத்திருந்தால் தவிர.

அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். "பாடியதற்கு ரூ. 1,500 பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சர் கூலிக்கான ரசீது; மெட்டை விற்ற பத்திரம் ஆகாது. அந்த ஒப்பந்தத் தாளைப் பாருங்கள்:

எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறதா? எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். இதுவும் 1995 மே 10-க்குப் பிந்திய தாளுக்கே பொருந்தும். எந்த ஊர் எல்லை என்று இல்லாவிட்டால் இந்தியா மட்டும். மாற்றி வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது கழன்றுவிடும், தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய.

"அனைத்து உரிமையும் நிரந்தரமாக" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கஷ்டம். அப்போதும் 2012-க்குப் பிந்திய தாள் என்றால் மெட்டுக்கும் வரிக்கும் பாதி ராயல்டி கேட்கும் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ (உறுப்பினர்களுக்காக ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் அமைப்பு) மட்டும்தான் கொடுக்கலாம்.

---

மெட்டுக்காரர்

பத்திர எழுத்தர் அய்யா சொன்னது சரி. அமெரிக்கா கதையையும் சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் ஜாக்சனைத் தப்பான காரணத்துக்கு உதாரணம் காட்டுறாங்க.

அவர் குரலாலதான் சம்பாதிக்கிறார்னு நினைக்கிறோம். 1982-ல வந்த 'திரில்லர்' ஆல்பத்துல 9 பாட்டு. அவர் எழுதி மெட்டுப் போட்டது 4. தலைப்புப் பாட்டு அவருடையதே இல்லை, ராட் டெம்பர்டன் எழுதினது. அமெரிக்காவுல சாதாரண ரேடியோ பாடினவருக்கும் லேபிளுக்கும் (பதிவை வெளியிட்ட கம்பெனிக்கும்) காசு தர்றதே கிடையாது, எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும்தான். அப்ப அந்த ஊர் ரேடியோவுல 'திரில்லர்' ஓடினா எழுதினவர் பக்கம் காசு போகும், பாடினவர் பக்கம் போகாது. நம்ம உசிலம்பட்டி அண்ணன் நிலைமைதான், அளவுதான் வேற.

ஜாக்சன் கெட்டிக்காரத்தனம் வேற இடத்துல. 1985-ல ஏடிவி-ங்கிற பாட்டு உரிமைக் கிடங்கை 4.75 கோடி டாலருக்கு வாங்கினார். பீட்டில்ஸ் குழுவோட பெரும்பாலான பாட்டு அதுக்குள்ளதான். 1995-ல சோனியோட சேர்த்துப் பாதிப் பங்கு வச்சுக்கிட்டார். 2009 ஜூன் 25-ல சாகும்போது தலைக்கு மேல கடன், கிட்டத்தட்ட 50 கோடி டாலர். 2016-ல அந்தப் பாதிப் பங்கை எஸ்டேட்காரங்க (அவர் விட்டுப்போன சொத்தை நிர்வகிக்கிறவங்க) சோனிக்கே 75 கோடி டாலருக்குக் கொடுத்தாங்க. அதே வருசம் ஃபோர்ப்ஸ் பத்திரிகைப் பட்டியல்ல அவர் வருமானம் 82.5 கோடின்னு வந்துச்சு. பத்துல ஒன்பது பங்கு அந்த ஒரே விற்பனை. அதுவும் அடுத்தவன் பாட்டை வாங்கி வச்ச காசு!

இன்னொரு அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி நேர் எதிர். 1973-ல அதுவரைக்கும் பாடின பாட்டுகளுக்கான ராயல்டியை 54 லட்சம் டாலருக்கு ஆர்சிஏ கம்பெனிக்கு ஒரே அடியா வித்துட்டார். 1977-ல போனதுக்கப்புறம் வீட்டைப் பராமரிக்கவே குடும்பம் திணறி, 1982-ல கிரேஸ்லேண்ட் வீட்டை டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டாங்க. அந்தக் குடும்பம் நிமிர்ந்தது வீட்டாலயும் பேராலயும்தான்.

நம்ம மதுரைக்கு வருவோம். முனிச்சாலைச் சந்திப்புல 2023-ல டி.எம்.சௌந்தரராஜனுக்குச் சிலை வச்சாங்கல்ல, அவரையே எடுத்துக்குங்க. 1950-லேர்ந்து பாடினார், 2013 மே 25-ல மறைஞ்சார். சினிமாவுல அவர் குரல் மட்டும் கொடுத்த பாட்டு பெரும்பாலும் 1995-க்கு முன்னாடி; குரலுக்குச் சட்டம் கொடுக்கிறது சொற்பம். ஆனா அவரே மெட்டமைச்ச முருகன் பாட்டுகளும் இருக்கு. அந்த மெட்டுக்கு ஆயுள் 2073 கடைசி வரைக்கும். ஒரே தொண்டை, ரெண்டு கணக்கு. (ஒப்பந்தத்துல யாருக்கு எழுதிக் கொடுத்தாருங்கிறது தனிக் கதை, அதை நான் சொல்ல வரல.)

கூடவே ஒண்ணு: 60 வருசம் தாண்டின பழைய ஒலிப்பதிவுன்னா எடுத்துப் போட்டுக்கலாம்னு சில யூடியூப்காரங்க பேசுறாங்க. ஒலிப்பதிவு உரிமை போயிருக்கலாம். வரிக்கும் மெட்டுக்கும் உயிர் இருக்கு. கண்ணதாசன் 1981-ல போனார், வரிக்கு 2041 வரை. எம்.எஸ்.வி. 2015, மெட்டுக்கு 2075 வரை. பட்டுக்கோட்டையார் 1959-லயே போயிட்டதால அவர் வரிகள் மட்டும் விடுதலை, மெட்டு இல்லை.

---

தெப்பக்குளத்தான்

அப்படியானால் அந்த 31 பாட்டுக்கு எங்கே போய்க் கேட்பது? யாரிடம் மனு கொடுப்பது?

---

கணக்குப்பிள்ளை

மெட்டுக்கும் வரிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம். குரலுக்கு இசாம்ரா என்ற பாடகர் சங்கம் (முன்பு இஸ்ரா என்றிருந்தது). இரண்டுக்கும் தலைமையகம் மும்பை. ஒன்றில் சேர்ந்தால் இன்னொன்றின் காசு வராது, இரண்டிலும் தனித்தனியே வாரிசாகச் சேர வேண்டும். ஒலிப்பதிவுக்கான சங்கங்கள் லேபிளுக்கு, குடும்பத்துக்கு அங்கே வேலையில்லை.

தாள்களைச் சேர்க்கும் வரிசை முக்கியம், பின்னாலிருந்து ஆரம்பித்தால் இரண்டு தடவை அலைய வேண்டும்.

இறப்புச் சான்றிதழ். மாநகராட்சி எல்லைக்குள் இறந்திருந்தால் மண்டல அலுவலகம், இல்லையென்றால் அந்தப் பகுதியின் பிறப்பு இறப்புப் பதிவாளர். அதில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கேசட்டில் ஊர்ப் பெயரோடு மேடைப் பெயர், ஆதாரில் அப்பா இனிஷியலோடு இயற்பெயர், இறப்புச் சான்றில் மூன்றாவது மாதிரி. மனு நின்று போவது பெரும்பாலும் இங்கேதான். "இன்னார் என்றும் இன்னார் என்றும் அழைக்கப்பட்டவர் ஒருவரே" என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போட்டு, கேசட் அட்டை நகலை அதோடு இணையுங்கள்.

அடுத்து வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு. உசிலம்பட்டியில் குடியிருந்தவருக்கு உசிலம்பட்டி வட்டம்தான். மதுரையில் மகன் இருக்கிறார் என்று மதுரை வடக்கில் போட்டால் திருப்பி விடுவார்கள். இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவரையும் சேர்க்க வேண்டும், இந்து வாரிசுரிமைப்படி அவரும் முதல் வகுப்பு வாரிசு. தாயாரை விட்டுவிட்டுச் சான்று வாங்கினால் பிறகு ஒரு பங்காளி வந்து கிளப்புவார்.

பிறகு குடும்பத்துக்குள் ஒருவரைப் பிரதிநிதியாக வைத்து, மற்றவர்கள் ஆட்சேபணையில்லை என்று எழுதிக் கொடுப்பது. "மகன் வாங்கிக்கொள்ளட்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். மகன் வாங்கி நாலு பங்காகப் பிரிப்பார் என்று எழுதுங்கள். திருமணமான மகள்களுக்கும் சம பங்கு உண்டு.

வாங்குகிறவரின் பான், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ரத்து செய்த காசோலை. இறந்தவரின் பான் எண்ணில் காசு போடச் சொல்லக் கூடாது. ராயல்டிக்கு 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், பான் சரியில்லை என்றால் 20. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். சொத்து கைமாறுவதற்கு வரி? நம் நாட்டில் 1985-லேயே எஸ்டேட் டூட்டியை (இறந்தவர் சொத்து மீதான வரியை) எடுத்துவிட்டார்கள். ஜாக்சன் எஸ்டேட் அந்த ஊர் வரித்துறையோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியதே அவர் பெயருக்கும் உருவத்துக்கும் சாகும்போது என்ன விலை என்பதில்தான். எஸ்டேட் காட்டியது 2,105 டாலர், வரித்துறை சொன்னது 16.1 கோடி, 2021-ல் நீதிமன்றம் தீர்த்தது 41.5 லட்சம். அந்தத் தலைவலி நமக்கு இல்லை.

இனி பாட்டுப் பட்டியல். உண்மையான வேலை இதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி: பாட்டின் முதல் வரி, கேசட் பெயர், வருடம், லேபிள், மெட்டு யார், வரி யார், குரல் யார், நீளம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள், அதோடு புழக்கத்தில் உள்ள மற்றக் கூட்டல்களையும் தனிப் பத்தியில் கொடுங்கள். ஒரே பாட்டு யூடியூபில் ஐந்து எழுத்துக்கூட்டலில் இருக்கும். பொருந்தாததற்குக் காசு சேராது.

"நாட்டுப்புறம்" என்று அட்டையில் போட்டிருந்தால் கவனம். ஊர் பாடிவந்த தெம்மாங்கு மெட்டு என்றால் அது யாருக்கும் சொந்தமில்லை. அதை அப்படியே எடுத்து இவர் மெட்டு என்று பதியக் கூடாது, பின்னால் முழுப் பட்டியலின் மீதும் சந்தேகம் விழும். ஆனால் பழைய சந்தத்துக்குப் புதிதாக வரி எழுதியிருந்தால் வரிக்கு உரிமை உண்டு. மெட்டை மாற்றிக் கட்டியிருந்தால் அந்தக் கட்டுக்கு உண்டு. 31-ஐயும் இப்படிச் சலித்தால் 20, 25 நிற்கலாம். நிற்பது உறுதியாக நிற்கும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. வழக்கு வரும் போலிருக்கும் நாலைந்து பாட்டுக்கு மட்டும் செய்தால் போதும். படிவம் 14, மெட்டோ வரியோ ஒரு படைப்புக்கு ரூ. 500. மனு போட்டபின் 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருப்பார்கள்.

---

சிம்மக்கல் ஸ்பீக்கர்

திருவிழா மேடையில ஓடுதுன்னு சொன்னீங்க. அதுல பெரிசா எதிர்பார்க்காதீங்கண்ணே. உண்மையான மதச் சடங்கு, அரசு விழா, கல்யாணம், கல்யாண ஊர்வலம், இதுக்கெல்லாம் சட்டத்துலயே விலக்கு இருக்கு, 52-வது பிரிவு. கோயில் கொடை முடிஞ்சு ராத்திரி நடக்கிற கச்சேரி சடங்கா இல்லையான்னு சண்டை போட்டுக்கிட்டே இருக்கலாம்.

காசு வர்ற இடம்: டிக்கெட் போட்டு மண்டபத்துல நடத்துற நினைவு இசை நிகழ்ச்சி, ஹோட்டல், கடை, டிவி, எஃப்.எம். அங்க நடத்துறவர் ஐ.பி.ஆர்.எஸ். உரிமம் எடுக்கணும், கூடவே பாடின பாட்டுப் பட்டியலையும் கொடுக்கணும். அந்தப் பட்டியலைத்தான் யாரும் ஒழுங்கா எழுதுறதில்லை. மெல்லிசைக் குழு வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்லி வைங்க: பாட்டு முதல் வரி, மெட்டுப் போட்டவர் பேர், ரெண்டும் இருந்தா போதும். இன்னொருத்தர் மேடையில பாடினா குரல் காசு கிடையாது, மெட்டுக் காசு உண்டு.

---

ரீல் டு ரீல்

டிரங்குப் பெட்டியைப் பத்தி நான் சொல்றேன். மொதல்ல ஒண்ணு: டேப் வீட்டுல இருக்குங்கிறதால ஒலிப்பதிவு உரிமை வீட்டுக்கு வந்துராது. நாடா வேற, உரிமை வேற. ஆனா நல்ல நாடா கையில இருந்தா லேபிள் பேச வரும், ஏன்னா அவுங்ககிட்ட பெரும்பாலும் மாஸ்டர் (முதல் பதிவு நாடா) இருக்காது.

இருக்கிற டேப்பை அவசரப்பட்டு ஓட்டாதீங்க. வெள்ளையாப் பொடி படிஞ்சிருந்தா பூஞ்சை. அதை ஓட்டினா டெக்கும் (கேசட் ஓட்டுற கருவியும்) கெடும், அடுத்த டேப்பும் கெடும். தனியா எடுத்து வச்சிருங்க. உள்ள சின்னத் தகட்டுல ஒட்டியிருக்கிற கம்பளித் துண்டு விழுந்திருந்தா சத்தம் மங்கும். ஸ்க்ரூ போட்ட காலி கேசட் கூட்டுக்கு நாடாவை மாத்துங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை கடைசி வரைக்கும் முன்னோட்டி, திரும்பச் சுத்துங்க, ஒட்டிக்கிட்டது விடும்.

டெக் ஹெட்டை (நாடாவைப் படிக்கிற முனையை) 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால துடைங்க, மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டுல தண்ணி இருக்கும். ஹெட் பக்கத்து ஸ்க்ரூவைத் திருப்பி அந்தந்த டேப்புக்கு 'ச', 'ஸ' தெளிவாக் கேக்கிற இடத்துல நிறுத்துங்க. இதைச் செய்யாம எடுத்துட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல ஈக்வலைஸரைத் தூக்கினா இரைச்சல்தான் தூக்கும். கேசட்டுல டால்பின்னு போடலைன்னா டெக்குல டால்பியை (இரைச்சல் குறைக்கிற பொத்தானை) அணைச்சு வைங்க.

வேகம்: நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடணும். பழைய பெல்ட் தளர்ந்திருந்தா சுதி அரைக்கட்டை இறங்கிரும். ஆர்மோனியத்தை வச்சு ஒத்துப் பாருங்க, அண்ணன் எத்தனை கட்டையில பாடுவார்னு கூட வாசிச்சவுங்களுக்குத் தெரியும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு 60 நிமிசக் கேசட்டுக்கு 2 ஜிபி சொச்சம் ஆகும். இரைச்சல் நீக்கினதைத் தனிக் கோப்பா வைங்க, அசலைத் தொடாதீங்க. எம்.பி.3 ஆக்கிட்டு டேப்பைத் தூக்கிப் போடுற புண்ணியவான்களும் இருக்காங்க.

---

பத்திர எழுத்தர்

யூடியூப் உரிமை கோரல் பற்றி. இது ஸ்ட்ரைக் (யூடியூப் தரும் எச்சரிக்கை) இல்லை, பதற வேண்டாம். ஸ்ட்ரைக் என்றால் 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே போகும். கோரல் என்றால் விளம்பரக் காசு வேறு பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

கோரலைத் திறந்தால் எதற்கு என்று எழுதியிருக்கும்: ஒலிப்பதிவா, மெட்டா. ஒலிப்பதிவு என்று லேபிள் கோரியிருந்தால், "இது எங்கள் அப்பா குரல்" என்று எதிர்த்துப் பயனில்லை. அதை நிராகரிப்பார்கள், தொடர்ந்து முறையிட்டால் ஸ்ட்ரைக்காக மாறும். அப்பா மெட்டமைத்த பாட்டில் மெட்டையும் சேர்த்து லேபிள் கோரியிருந்தால் அங்கே எதிர்க்கலாம். 5 நாளுக்குள் எதிர்த்தால் முதல் நாளிலிருந்து வந்த காசை யூடியூப் நிறுத்தி வைக்கும்; கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள்.

கோரியவர் பழைய கம்பெனியே இல்லாமல் வேறு பெயராக இருந்தால், மூடிய கம்பெனியிலிருந்து அவர் கைக்கு எப்படி வந்தது என்ற தாள்களைக் கேட்டு எழுதுங்கள். கம்பெனி மூடினதும் யாரோ மாஸ்டர் டேப்பை மொத்தமாக வாங்கிப் போய் உரிமையும் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வது நடக்கிறது. டேப் வாங்கின ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

வழக்குப் போடுவதாக இருந்தால் மும்பைக்கோ சென்னைக்கோ ஓட வேண்டாம். வாதி குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று 62-ஆம் பிரிவு சொல்கிறது, மதுரை மாவட்டத்திலேயே நடத்தலாம். பழைய பாக்கிக்குப் பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு. 2017-லிருந்து மொத்தமாக வரும் என்று குடும்பத்துக்கு ஆசை காட்டாதீர்கள்.

---

தெப்பக்குளத்தான்

மிக்க நன்றி. ஒரு கம்பெனி அவர் குரலைக் கணினியில் உருவாக்கிப் புதுப் பாட்டுப் போட வேண்டும் என்று கேட்கிறது. ஒரு தொகை தருகிறார்களாம். அவர் பெயரில் நினைவுப் பனியன், போட்டோ போட்ட மாட்டுப்பொங்கல் பேனர் எல்லாம் வேறு கடைகளில் வருகிறது. இதைத் தடுக்க முடியுமா?

---

பத்திர எழுத்தர்

இங்கேதான் அமெரிக்காவும் நாமும் பிரிகிறோம். கலிபோர்னியாவில் இறந்தவரின் பெயர், குரல், உருவம் 70 ஆண்டுக்கு வாரிசு சொத்து. எல்விஸின் டென்னசி மாநிலத்தில் 1984-லேயே சட்டம் போட்டார்கள். குரல் நகலுக்கு எதிராக 2024 ஜூலையிலிருந்து அதையே இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஜெயலலிதா வாழ்க்கைப் படத்துக்கு எதிரான வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவர் சம்பாதித்த புகழ் அசையும் அசையாச் சொத்துப் போல வாரிசுக்கு இறங்காது என்றது. மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே பக்கம்தான் நின்றது. பனியன்காரரை அந்த வழியில் மடக்குவது கடினம்.

கையில் இருக்கும் பிடிகள் வேறு. பேனரில் உள்ள போட்டோவுக்குப் பதிப்புரிமை உண்டு. குடும்பம் காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்தது என்றால் அது பொதுவாகக் குடும்பத்துடையது. பனியனில் பாட்டு வரி அச்சிட்டால் வரி உரிமை. மேடைப் பெயரை வணிகச் சின்னமாகப் பதியலாம்: 41-ஆம் வகுப்பு கச்சேரிக்கு, 9 பதிவுக்கு, 25 துணிக்கு, தனிநபருக்கு இணையவழியில் வகுப்புக்கு ரூ. 4,500, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்னொருவர் அவர் பெயரில் சின்னம் கேட்டால், இறந்து 20 ஆண்டுக்குள் என்றால் வாரிசின் சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். இவருக்கு 2037 வரை அந்தக் கதவு இருக்கிறது.

---

மெட்டுக்காரர்

குரல் நகல் விஷயத்துல சட்டம் இல்லைன்னாலும் கேட்டுட்டுத்தான் வர்றாங்கன்னா அது நல்ல சகுனம். 2024-ல ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை அப்படிக் கணினியில எடுத்தப்போ ரெண்டு குடும்பத்துக்கிட்டயும் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாச் சொன்னார். அந்த முறையைக் காட்டிப் பேசுங்க.

தாள்ல இருக்க வேண்டியது: ஒரே பாட்டுக்கு மட்டும், பேர் குறிப்பிட்டு. பயிற்சிக்குக் கொடுத்த ஒலிக்கோப்பையும் உருவான குரல் மாதிரியையும் வேலை முடிஞ்சதும் அழிக்கணும், வேற கம்பெனிக்குக் கைமாத்தக் கூடாது. கட்சி, சாதி, மதுபானப் பாட்டுக்குக் கிடையாது. நம்ம பக்கம் இதை எழுதாம விட்டா நாளைக்கு ஊர்ல தலைகாட்ட முடியாது. "குரல் கணினியில் உருவாக்கியது"ன்னு பாட்டுலயும் விளம்பரத்துலயும் போடணும். முன்பணம் தனி, வருமானத்துல பங்கு தனி. முடிஞ்ச பாட்டைக் குடும்பம் கேட்டு ஒப்புக்கிட்ட பிறகுதான் வெளியீடு.

டேப்பை அவுங்க ஸ்டூடியோவுக்கு அனுப்பாதீங்க. பிரதி மட்டும்.

---

கணக்குப்பிள்ளை

குடும்பத்தில் நாலு பேரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், மகன் மட்டும் போட்டால் செல்லாமல் போகும். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016-ல் உயில் இல்லாமல் போனார், 15.64 கோடி டாலர் சொத்து பங்கு பிரிய 2022 வரை ஆனது. இங்கே நாலு பேர்தான், உட்கார்ந்து பேசினால் ஒரே நாளில் முடியும்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் உறுப்பினராக இருந்தாரா என்றும் பாருங்கள். இருந்தால் இறப்பு உதவிக்குக் குடும்பம் தனியாக மனுப் போட வேண்டியிருந்திருக்கும். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு மதுரை மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விசாரியுங்கள், காலம் தாண்டிவிட்டதா என்பதை அவர்களே சொல்வார்கள்.

---

ரீல் டு ரீல்

கேசட் அட்டையை மறந்துறாதீங்க. ஆறு கேசட்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம், உள்மடிப்பு மூணையும் 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணுங்க. வட்டத்துக்குள்ள 'பி' எழுத்தும் (ஒலிப்பதிவு உரிமைக் குறி) பக்கத்துல வருசமும் கம்பெனி பேரும் இருக்கும், பெரும்பாலும் மடிப்புல மறைஞ்சிருக்கும். "இசை" பக்கத்துல அண்ணன் பேர் அச்சாகியிருந்தா அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. வீட்டுல இருக்கிற அட்டையில மடிப்பு கிழிஞ்சிருந்தா டவுன்ஹால் ரோடு, நேதாஜி ரோடு பக்கம் பழைய ஆடியோ கடையிலயும் கேட்டுப் பாருங்க. கேசட் வேணாம்னு சொல்லி அட்டையை மட்டும் வாங்குங்க, கடைக்காரர் கேசட்டையும் சேர்த்தே கொடுத்துருவார்.